இன்னொரு பார்ட்டி

செங்கல்பட்டு
8 ஜனவரி 2025

அனு,

போன் செய்யாதே, எழுது என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாய். "பேசினா நீ ஜெயிச்சிடுவ பரணி." இந்தப் புரோக்கர் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கல்லூரியை விட்டபின் ஒரு பக்கம் முழுதாக எழுதிய நினைவில்லை. பத்திரம் எழுத வேறு ஆள் இருக்கிறார். நான் வாய் மட்டும்.

வீடு அப்படியே இருக்கிறது. ரயில் போகும்போது சமையலறை ஜன்னல் ஆடுகிறது. நீ செருகி வைத்த அட்டை விழுந்துவிட்டது. வேறு வைக்கவில்லை.

கடப்பாக்கம் இடம் நின்றுபோய்விட்டது. வாங்கவிருந்த ஜெரோம் சார் கொடுத்தனுப்பிய அட்வான்ஸைப் பார்வதம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் ஆபீஸ் எல்லப்பன் போய் மன்றாடிப் பார்த்தான். அவனிடம் சொன்னாராம்: "அன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சே, பச்சப் பொடவ. குடுத்தா அதுக்குத்தான் குடுப்பேன். ரேட்டு கம்மின்னா கம்மியா இருந்துட்டுப் போவுது. உனுக்கு இன்னா பேஜாரு?"

அந்தப் பச்சைப் புடவை நீதான்.

உனக்குத் தெரியும், இது வழக்கம். விற்பவர் விலையில் பிடிவாதமாக நின்றால் இன்னொரு பார்ட்டியைக் காட்டுவோம். அந்தப் பார்ட்டி இடத்தைச் சுற்றிப் பார்க்கும், நாலு குறை சொல்லும், அடிமாட்டு விலைக்குக் கேட்கும், போய்விடும். அதன்பின் நம் உண்மையான பார்ட்டியின் விலை விற்பவருக்கு நல்ல விலையாகத் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லை. எல்லப்பன் தன் மைத்துனனை எத்தனையோ முறை டாக்டராக்கிக் கூட்டிப் போயிருக்கிறான். அக்டோபரில் அவன் மைத்துனனுக்குக் காய்ச்சல். உன்னைக் கேட்டேன். வந்தாய்.

இதுவரை எந்த விற்பவரும் இன்னொரு பார்ட்டிக்கே கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டதில்லை.

ஒரே ஒரு தடவை வா. "எங்களுக்கு வேணாம்மா, வேற இடம் பாத்துட்டோம்" என்று சொல்லிவிடு. உன் அக்கா வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவருகிறேன். வழியில் நான் எதுவும் பேசமாட்டேன்.

பரணி

*

அணுபுரம்
17 ஜனவரி

பரணி,

அக்கா உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தாள். பிரித்திருந்தால் ஏமாந்திருப்பாள். ஜன்னலுக்கு நாலு வரி. மீதியெல்லாம் நிலம்.

நீ சொல்லிக்கொடுத்ததை அன்று ஒன்றுவிடாமல் சொன்னேன். காற்றில் உப்பு. பாதை குறுகல். மழையில் தண்ணீர் நிற்கும். நீ சொன்ன விலை. பிறகு நீயும் எல்லப்பனும் டேப்பைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் போய்விட்டீர்கள். அதற்குப்பின் நடந்ததை நீ கேட்டதில்லை.

பார்வதம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமல் கேட்டார்.

"வாங்கினா வூட்ட இடிச்சிடுவியா?"

"எதுக்கும்மா இடிக்கணும்?"

"எல்லாம் இடிக்கத்தான வாங்கறாங்க. எனுக்கு இந்த மண்ண வுட்டுப் போவப் பிடிக்கல. பையன் குவைத்து போறேன்னு குதிக்கிறான். அவனுக்காவ விக்கறேன்."

"நீங்க பாட்டுக்குப் பின்னால இருங்கம்மா. எனக்கும் துணையா இருக்கும்."

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்லி முடித்தபோது அந்த வீடு எனக்கு வேண்டியதாகிவிட்டிருந்தது. கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் இருந்தது. சமையலறைக்கு மேற்கில் ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது உன்னிடம் கேட்டேன். நாமே வாங்கினால் என்ன? நீ சிரித்தாய். சிரிப்பைத் தாங்கிக்கொள்ள முடியும். மாமல்லபுரம் தாண்டும்போது நீ ஜெரோமுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாய். "சார், நம்ம வீட்டம்மாவே விழுந்துட்டாங்க சார். சைட்டு அந்த மாதிரி."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பரணி. எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதை விற்றுவிட்டாய்.

அங்கே நான் சொன்னதில் பொய் குறைவு. வேண்டாம் என்று போய்ச் சொன்னால் அதுதான் முழுப் பொய். சொல்லமாட்டேன்.

அனு

*

செங்கல்பட்டு
25 ஜனவரி

அனு,

ஸ்பீக்கரில் பேசியது தப்பு. அன்று அது தப்பாகத் தோன்றவில்லை. நல்லது எது கண்ணில் பட்டாலும் அது யாருக்கு உதவும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன். வியாதி மாதிரி. நேற்று எதிர் வீட்டுக் குழந்தை சிரித்தது. நல்ல ஏரியா, குழந்தைகள் வளர ஏற்ற சூழல் என்று மனத்துக்குள் ஓடியது.

நானே கடப்பாக்கம் போனேன். ஜெரோம் ஏற்றிக் கொடுத்த விலையைச் சொன்னேன். பார்வதம்மாள் எனக்கு மோர் கொடுத்தார்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். உங்க சாரு வந்து இங்க குந்துவாரா?"

"அவர் சென்னையில இருக்காரும்மா. இங்க ஓட்டல் மாதிரி கட்டுவார்."

"அப்ப நான் எங்க இருக்கிறது? ரிசப்ஷன்லயா?"

எல்லப்பன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாலை ஜெரோமை மாமல்லபுரத்தில் அவர் தங்கியிருந்த ஓட்டலில் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "உங்க வைஃபுக்குன்னா கம்மி ரேட்டா? அப்ப அவங்க பேர்லயே வாங்கிடுங்க பரணி" என்றார்.

யோசித்துப் பார். பணம் அவருடையது. பத்திரம் உன் பெயரில். நீ அவருக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் போதும், உன் சார்பில் அவரே எல்லாம் பார்த்துக்கொள்வார். பார்வதம்மாள் இருக்கட்டும், நமக்கு அவசரமில்லை என்றும் சொன்னார். உனக்குப் பிடித்த இடம் உன் பெயரில் இருக்கும். அந்த அம்மாளுக்குப் பிடித்த ஆளிடம் வீடு போகும். நல்ல டீல் என்றால் இதுதான். யாரும் தோற்கவில்லை.

இது முடியாவிட்டால் செய்யூர் பக்கத்து இடங்களையும் என்னிடமிருந்து எடுத்துவிடுவார். ஆபீஸை மூட வேண்டியதுதான். மிரட்டவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. நீ ஒத்துக்கொள்வாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பார்வதம்மாளிடமும். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

பரணி

*

அணுபுரம்
3 பிப்ரவரி

பரணி,

நான் தனியாகக் கடப்பாக்கம் போனேன். கல்பாக்கத்தில் பாண்டிச்சேரி பஸ். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

பார்வதம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முறத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். உரித்துக்கொண்டே சொன்னேன்.

"நான் வாங்க வந்தவ இல்லம்மா. அந்த புரோக்கர் என் வீட்டுக்காரர். உங்க ரேட்டக் கொறைக்கத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார்."

அவர் கை நிற்கவில்லை.

"ஆங். அப்ப உனுக்கு கமிஷன் கெடையாது. புருசன்தான புரோக்கரு."

"கமிஷன் இல்லம்மா. நான் வாங்கற ஆளே இல்ல. எங்கிட்ட பணமும் இல்ல."

"பணம் கீதுன்னு சொல்லிகினு எவ வருவா? நல்லாத்தான் பேசற. சரி, இன்னும் கொஞ்சம் கொறைச்சிக்கிறேன்."

"குறைக்காதீங்கம்மா."

"அட, கோவிச்சிக்கிறியா? இரு இரு. கடேசியா சொல்றேன்."

இன்னொரு விலை சொன்னார். முன்னதைவிடக் குறைவு. நான் அழுதேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அழுவாத கண்ணு. இதுக்கு மேல எறங்க மாட்டேன். பையனுக்கு ஏஜெண்டுக்குக் கட்டணும். ஆனா ஒண்ணு, நீயே வந்து குந்தணும். வாடகைக்கு வுட்டுட்டுப் போனியோ, ஆட்ட அவுத்து உட்டுடுவேன்."

உண்மையைச் சொல்லச் சொல்ல விலை இறங்கிக்கொண்டே வந்தது. எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. நிறுத்தினேன். சோறு போட்டார். சாப்பிட்டேன்.

ஜெரோமும் நீயும் எல்லப்பனும் சேர்ந்து செய்ய முடியாத கெடுதலை நான் ஒரு மதியத்தில் செய்துவிட்டு வந்திருக்கிறேன். நான் அங்கே போயிருக்கக் கூடாது. அக்டோபரிலேயே.

அனு

*

செங்கல்பட்டு
6 பிப்ரவரி

அனு,

பார்வதம்மாள் நேற்று போன் செய்தார், நீ வந்து பேசியதால் விலையை இன்னும் குறைத்துத் தருவதாகச் சொன்னார். எல்லப்பன் வாயைப் பிளந்துவிட்டான். "அண்ணாத்த, நாம எல்லாம் இன்னாத்துக்கு இந்தத் தொழில்ல கீறோம்? அண்ணிய ஆபீஸ்ல குந்த வெச்சிட்டு நாம டீ வாங்கினு வரலாம்" என்றான். ஜெரோம் உனக்குப் பூங்கொத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதையாவது சரியாகச் செய்தேன்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் போனில் சொன்ன மதியமும் நீ எழுதிய மதியமும் ஒன்றுதான்.

வரும் இருபத்தோராம் தேதி பதிவு வைத்திருக்கிறார்கள். பார்வதம்மாள் அங்கேயே இருக்கலாம் என்பதைப் பத்திரத்தில் போடலாமா என்று ஜெரோமைக் கேட்டேன். "எழுத்துல எதுக்கு பரணி? வாயில சொன்னா போதாதா? நீங்கதான வாயி" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் காட்டவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

வர முடியாதென்றால் எழுது. யாரையும் இழுத்துக்கொண்டு போகமாட்டேன்.

பரணி

*

அணுபுரம்
12 பிப்ரவரி

பரணி,

வருகிறேன்.

நான் வராவிட்டால் அந்த வீடு நிற்காது. குவைத் போகும் பையன் மோகனுக்கு ஏஜெண்டு கெடு வைத்திருக்கிறான். பார்வதம்மா யாருக்காவது கொடுக்கத்தான் போகிறார். அந்த யாராவது நானாக இருந்தால், என் கையெழுத்தில்லாமல் யாரும் சுவரைத் தொட முடியாது. இதை ராத்திரி முழுக்க யோசித்தேன். ஓட்டை இருந்தால் நீ கண்டுபிடிப்பாய். கண்டுபிடித்தால் சொல்.

ஜெரோமுக்குப் பவர் எழுதித் தரமாட்டேன். எழுதாவிட்டால் அவர் பணம் போடமாட்டார் என்பதும் தெரியும். அதனால் உன் பெயரில் எழுதுகிறேன். நீ என் புருஷன், அவருடைய ஆள். அவருக்கு அது போதும். எனக்கும் அதுதான் போதும்.

உன்னை நம்புகிறேனா என்று கேட்காதே. என் சார்பில் யாராவது நிற்க வேண்டும் என்றால், எனக்கு வேறு யாரையும் தெரியாது.

பார்வதம்மா அங்கே இருக்கும்வரை விற்கக் கூடாது. இதை உன் கையால் எழுதி அனுப்பு. பேசாதே.

அனு

*

செங்கல்பட்டு
14 பிப்ரவரி

பார்வதம்மாள் அங்கே இருக்கும்வரை அந்த இடத்தை விற்கமாட்டேன்.

பரணிதரன்

*

செங்கல்பட்டு
30 மார்ச்

அனு,

பதிவும் பவரும் முடிந்ததும் நீ அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நம் வீட்டுக்கு வந்தாய். இரண்டு நாள் இருந்தாய். ஜன்னலுக்குப் புது அட்டை வைத்தாய். அந்த இரண்டு நாளும் நான் உன்னை எதற்காகவும் இணங்க வைக்கப் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தில் நீ நம்புவதற்கு ஒன்றாவது இருக்க வேண்டும். அது இதுவாக இருக்கட்டும்.

இடத்தை ஜெரோமின் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை.

எப்படி என்று எழுத வேண்டும். அவர் என் ஆபீசுக்கு வந்தார். கத்தவில்லை. தினமும் வந்து எதிரில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். டீ வந்தால் எனக்கும் ஒன்று சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் பெரிய பார்ட்டி ஒன்று இருக்கிறது. அவர்களுக்குக் காலி இடம் வேண்டும். "உங்க வைஃபா பணம் போட்டாங்க பரணி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான். நான் பேசிப் பார்த்தேன் அனு. எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் பேசினேன். யாரையும் பேசி மசிய வைப்பேன் என்று நினைத்திருந்தேன். அவர் வாங்குகிறவர். நான் இதுவரை விற்கிறவர்களிடம்தான் ஜெயித்திருக்கிறேன்.

பவர் கொண்டு பதிவு செய்ய, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். அதற்கு உன்னை அழைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். நீ தடுத்திருப்பாய். நான் அழைக்கவில்லை. எல்லப்பனுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் உன்னைப் பார்க்காமலே கொடுத்தார். "நல்லா இருக்காங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நல்லா இருக்காங்க என்றேன்.

பத்திரத்தில் விற்பவர் நீதான். உனக்காக நான் கையெழுத்துப் போட்டேன். உன் பெயரை எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதும்போது பேனா நின்றது. பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

பார்வதம்மாளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்ல வேண்டும். காரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வரை போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்துவிட்டேன். முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

நீ சொல்கிறாயா என்று கேட்க இதை எழுதத் தொடங்கினேன். கேட்கமாட்டேன்.

பரணி

*

அணுபுரம்
19 ஏப்ரல்

பரணி,

உன் கடிதம் வந்த மறுநாள் பார்வதம்மா போன் செய்தார்.

"கண்ணு, யாரோ வந்து வேலி போட்டுகினு கீறானுங்க. நீ வந்து ரெண்டு வார்த்த கேளு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறானுங்க."

போனேன். பாதையில் ஜேசிபி நின்றது. பார்வதம்மா எனக்காக ஒரு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டார். உட்காரச் சொன்னார். பிறகு அந்த மேஸ்திரியிடம் போனார். "ஓனரு வந்தாச்சு. இன்னா பேசறதா இருந்தாலும் இப்பப் பேசு."

அந்த ஆள் மரியாதையானவன். போனில் பத்திரத்தின் படத்தைக் காட்டினான். என் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. முகவரி சரி. அப்பா பெயர் சரி. உன் கையெழுத்தையும் பார்த்தேன். அழகாகத்தான் போட்டிருக்கிறாய்.

"வித்துட்டியா கண்ணு?"

"ஆமாம்மா."

நீ விற்றாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? பிப்ரவரியில் கூடவே உட்கார்ந்து அத்தனை சொன்னேன். ஒன்றைக்கூட நம்பவில்லை. இதை உடனே நம்பினார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். நானும் எடுத்தேன். மோகன் குவைத் போய் மூன்று வாரம் ஆகிறது. அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். புது இடம், மனசு கெட்டுப்போகும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வாடகைக்கு ஒரு வூடு பாத்துக் குடு. நீதான் பேசணும். நான் பேசினா சண்டையாயிடும்."

அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். கடப்பாக்கத்தில் கேட்டேன். பனையூரில் கேட்டேன். தனிப் பொம்பளையா என்கிறார்கள். நாலு ஆடா என்கிறார்கள். ஆடுகளை விற்றுவிட்டோம் என்றால், மாசம் பொறந்தா வாடகை யாரு குடுப்பாங்க என்கிறார்கள். அவருடைய சாமான் ஒரு தெரிந்தவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. பார்வதம்மாவும் அங்கேதான் இருக்கிறார். மோகன் வீடியோவில் கூப்பிடும்போது கேமராவை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்.

பவரை ரத்து செய்ய எங்கே போக வேண்டும் என்று ஒருவரைக் கேட்டேன். இனி அதில் என்ன மிச்சமிருக்கிறது என்றார். ரத்து செய்துவிட்டேன். நோட்டீஸ் உனக்கு வரும்.

நேற்று ஒரு வீடு. இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம். அந்த அம்மாவுக்கு என் பேச்சு பிடித்திருந்தது. இவங்களுக்காகத்தான் கேக்கறேன், நல்லவங்க, சத்தம் போட மாட்டாங்க, நான் பொறுப்பு என்றேன். நீ பேசுவது போலவே பேசினேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மா சாவியை எடுத்துவரத் திரும்பினார். பிறகு நின்று கேட்டார்.

"ஆமா, நீ யாரும்மா இவங்களுக்கு?"

பார்வதம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவரும் காத்திருந்தார்.

"இவங்க வீட்ட வாங்கினவ" என்றேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் சாவிக்காகப் படியில் நின்றுகொண்டிருந்தோம். வெயில் காலில் ஏறியபோது பார்வதம்மா சொன்னார்.

"வா கண்ணு, போலாம்."

அனு